பன்னிரண்டு அடி ஃபிலிம்

என் அறையில் வாழைப்பழம் இல்லை. நேற்று மாலையிலிருந்து மூன்று முறை தேடிவிட்டேன். கட்டிலுக்கு அடியில், புத்தக அலமாரிக்குப் பின்னால், குடை மாட்டும் ஆணிக்குக் கீழே. எங்கேயும் இல்லை. ஆனாலும் தோல் கறுத்துக் கனிந்துபோன பழத்தின் வாசனை அறை முழுக்க நிற்கிறது.

எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் தேடினேன். நேற்று நம் கேமரா உதவியாள் சூசை வந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போன தகர டப்பாவிலிருந்து வருகிறது. ஃபிலிம் துண்டுகளை ஒட்டுகிற பசைக்கு இந்த வாசனை உண்டு. "அத்த மூடி வை வாத்யாரே, பசியக் கெளப்புது" என்று நீ எடிட்டிங் அறையில் சத்தம் போடுவாய். ஏழு வருஷத்தில் எப்போதோ காற்றில் கலந்து போயிருக்க வேண்டிய வாசனை இது. போகவில்லை.

நீ என்னை வாத்யாரே என்று கூப்பிட்டது மரியாதையாலா கேலியாலா என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை. ராயபுரத்தில் பீடி கேட்கிறவனும் பக்கத்திலிருப்பவனை வாத்யாரே என்றுதான் கூப்பிடுவான். ஆனால் நான் உண்மையிலேயே வாத்தியார். இங்கிலீஷ் எம்.ஏ. கல்லூரியில் இருக்க வேண்டியவன், சிபாரிசு இல்லாததால் உயர்நிலைப் பள்ளியில் நாலாம் பாரத்துப் பையன்களோடு மாரடித்துக்கொண்டிருந்தேன். நீ எட்டாவதோடு நின்றவன், துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதுகிறவன். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியான வருஷத்தில், ஆளில்லாத கொட்டகையில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் நீ நாடகம் ஒத்திகை பார்த்தாய். நான் ஒருவன்தான் பார்வையாளன். "கைதட்டுப்பா, நாக்காலிக்குக் கேக்கட்டும்" என்றாய். தட்டினேன். பின்வரிசையிலிருந்து யாரோ சேர்ந்து தட்டியது போலக் கேட்டது. உனக்கும் கேட்டது. இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை.

நாம் படமாக எடுத்த அந்த ரஷ்ய நாடகத்தைக் கண்டெடுத்தவன் நான். அதை முதலில் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் வேறு எங்கும் எழுதப்படவில்லை. மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலில் கிடைத்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. நதிக்கரையில் ஒரு வீடு. நதி உறைந்து கிடக்கிறது. பனி உடைந்து படகு ஓடும் நாளுக்காகக் குடும்பமே காத்திருக்கிறது. மூத்தவன் ஒரு கோமாளி, நாள் முழுக்க எல்லோரையும் சிரிக்கவைப்பவன். கடைசிக் காட்சியில் செத்தவன்போல வேஷம் போட்டுப் படுக்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். அப்போது பனி உடைகிற சத்தம் கேட்கிறது. மூட்டை முடிச்சோடு படகுக்கு ஓடுகிறார்கள், ஓடிக்கொண்டே "எழுந்து வா" என்று அவனைக் கூப்பிடுகிறார்கள். அவன் எழவில்லை. வேஷம் எந்த நிமிஷத்தில் நிஜமானது என்று யாருக்கும் தெரியாது. திரை விழுகிறது.

நான் அதைத் தமிழாக்கி உனக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். முடிந்ததும் நீ கேட்ட கேள்வி எனக்கு எரிச்சலூட்டியது.

"ஐஸ்ஸுக்கு இன்னா பண்ணுவ?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. இமயமலைப் பக்கம் கதையை நகர்த்தலாம் என்றேன். நீ சிரித்தாய். மறுநாள் காலையில் என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்து எண்ணூர் வரைக்கும் மிதித்தாய். வெயிலில் உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தின. முகத்துவாரத்தில் கடலுக்கும் கழிக்கும் நடுவே மணல் மேடிட்டு வழி அடைத்திருந்தது. இந்தப் பக்கம் படகுகள் தரைதட்டிக் கிடந்தன.

"கோடைல இது மூடிக்கும். ஒரு படவும் போவாது. ஐப்பசி மழைல வெள்ளம் வந்து ஒடச்சாத்தான் தொறக்கும். ஒடையறப்ப ஒரு சத்தம் வரும் பாரு, வாத்யாரே. உன் ரஷ்யாக்காரன் இங்க வந்து பாத்துட்டுதான் எழுதிக்கீறான்."

பனிக்கு உப்பு. நதிக்கு முகத்துவாரம். எம்.ஏ. படித்தவன் ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாலும் வந்திருக்காத யோசனை, உனக்குச் சைக்கிள் மிதிக்கும்போது வந்தது. அதற்காக உன்னை நான் மன்னிக்கவில்லை. பிறகு, படம் முடியும் முன்பே எழுதிவைத்த தொடக்க எழுத்துகளில் கதை, வசனம், டைரக்‌ஷன் மூன்றுக்கும் உன் பெயர் வந்ததையும் மன்னிக்கவில்லை. என் பெயர் உதவியாளர்கள் வரிசையில், டீ வாங்கி வருகிறவனுக்கு மேலே இருந்தது. "அண்ணாச்சி போட்டது வாத்யாரே, நான் சண்ட போட்டேன்" என்றாய். போட்டிருப்பாய். எவ்வளவு உரக்கப் போட்டாய் என்பதுதான் எனக்குத் தெரியாது.

படத்துக்கு முதல் போட்டவர் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ராயபுரத்தில் கப்பல் கயிறும் பெயிண்டும் விற்கிற கடை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அவருடைய பழைய சணல் கிடங்கைத்தான் படப்பிடிப்புத் தளமாக மாற்றினோம். தகரக் கூரை. ரயில் போனால் பேச்சுப் பதிவை நிறுத்த வேண்டும். கடைசிக் காட்சியை அண்ணாச்சிக்குச் சொன்னபோது அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னவே இது? சிரிக்க வச்சவன் செத்துக் கெடக்கான், எல்லாரும் படகேறிப் போறான். இதைப் பாக்கதுக்கா பொம்பளைய புள்ளையத் தூக்கிட்டு வருவா? அவனை எழுப்பி விடும்வே. எழுந்து சிரிச்சிக்கிட்டே படகுக்கு ஓடட்டும். சனம் எந்திரிச்சு நின்னு கைதட்டும்."

"அண்ணாச்சி, அவன் சாவதுதான் நாடகம்."

"நாடகம் ரஷ்யாக்காரனுக்கு. கிட்டங்கி எனக்கு."

வெளியே வந்ததும் உன் சட்டையைப் பிடித்தேன். முடிவை மாற்றமாட்டேன் என்று சத்தியம் செய் என்றேன். "உன் முடிவ நான் தொடமாட்டேன் வாத்யாரே, போதுமா? அவரண்ட ஆவட்டும்னு சொல்லிக்கினு நம்ம இஷ்டத்துக்கு எடுப்போம்." இதே உதடுகளால்தான் அவரிடமும் ஆவட்டும் என்று சொல்லியிருந்தாய். நான் உன்னை நம்பவில்லை.

அந்தக் காட்சியை எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை பகலில். உப்பு மூட்டைகளைப் படுக்கைபோல அடுக்கி, நீயே உன் மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு, தாடையைத் துணியால் கட்டிக்கொண்டு, வெள்ளை வேட்டியைப் போர்த்திப் படுத்தாய். "கிச்சுகிச்சு மூட்டுது, எவனாச்சும் கொள்ளி வைக்கறதுக்குள்ள எடுங்கடா" என்றாய். கேமரா ஓடத் தொடங்கியதும் உன் முகம் அடங்கியது. அவ்வளவு நேரம் மூச்சை எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று தெரியவில்லை. "கட், கட்" என்று நான் இரண்டு முறை சொன்ன பிறகுதான் உன் மார்பு அசைந்தது. விளக்குப் பிடித்திருந்தவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அப்புறம் பூசணிக்காய் உடைத்தார்கள். அதற்கும் அப்புறம் அந்த வழக்கம். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்: பிணமாகப் படுத்தவன் கேமராவுக்கு முன்னாலேயே எழுந்து சிரிக்க வேண்டும். அதையும் ஃபிலிமில் பிடிக்க வேண்டும். படத்தில் சேர்ப்பதற்கு இல்லை, திருஷ்டி கழிய. எழாமல் விட்டால் படுத்தது படுத்ததாகவே இருந்துவிடும் என்பார்கள். "சிரிப்பு ஷாட்ட எடுத்துரு வாத்யாரே, இல்லாங்காட்டி என் பொஞ்சாதி வூட்டுக்குள்ள வுடமாட்டா" என்று பஞ்சோடு மூக்கால் பேசினாய்.

எல்லோரும் அதில் சகுனத்தைப் பார்த்தார்கள். நான் வேறொன்றைப் பார்த்தேன். அதே உடை, அதே மூட்டை, அதே வெளிச்சம். செத்தவன் கண் திறந்து, எழுந்து, சிரிக்கிறான். அண்ணாச்சி கேட்ட முடிவு அச்சு அசலாக அதுதான். அந்தத் துண்டு ஃபிலிம் இருந்தால் கத்தரிக்கோலும் பசையும் போதும், என் நாடகம் தொலைந்தது.

கேமராவுக்கு ஃபிலிம் போடுகிறவன் சூசை, காசிமேட்டுக்காரன். அவனை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"ஃபிலிம் போடாதே. வெறும் கேமராவை ஓட்டு."

"வோணாம் வாத்யாரே. சாவு வேசம் கட்டிக்கீறாரு. பாவம்."

"நெகட்டிவ் கிடைக்காத காலத்தில் மூடநம்பிக்கைக்குச் செலவழிக்க என்னிடம் இல்லை. சொன்னதைச் செய்."

சூசை தலையைக் குனிந்துகொண்டு போனான். கேமரா கரகரவென்று ஓடியது. "ஏந்திரி மாமு!" என்று எல்லோரும் கத்தினார்கள். நீ உடனே எழவில்லை. வேண்டுமென்றே நீட்டினாய். அசையாமல் கிடந்தாய். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஒரு பெண் உன் பெயரைச் சொல்லி அழைத்தாள். அப்புறம் சட்டென்று, தாடைக் கட்டு அவிழ, எழுந்து உட்கார்ந்து சிரித்தாய். அப்படி ஒரு சிரிப்பு. தகரக் கூரையில் மழை விழுந்ததுபோல. நான் ஒரு ஓரத்தில், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நின்றேன். அப்படித்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து மழை இறங்கியது. முகத்துவாரம் உடைவதைப் படம்பிடிக்க நீயும் சூசையும் எண்ணூருக்குப் போனீர்கள். பள்ளியில் எனக்கு லீவு தரவில்லை. நீ மணல்திட்டின் முனையில் நின்று, "வந்துகீது, வந்துகீது, ஓட்டு" என்று கத்தினாயாம். சூசை கண்ணைக் கேமராவில் வைத்திருந்தான். நீ சொன்ன சத்தம் வந்தது. அவன் தலையைத் தூக்கியபோது திட்டும் இல்லை, நீயும் இல்லை. கட்டுமரங்கள் நாலு நாள் தேடின. உன் உடம்பு கிடைக்கவில்லை.

அடுத்த வாரமே அண்ணாச்சி வந்தார். கண் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் கேட்டார். "அந்தச் சிரிக்க ஷாட்டு இருக்குல்லா? அதைக் கடைசில போட்டிரும்வே. போனவன் படத்துலயாவது எழட்டும்." அதில் ஃபிலிம் இல்லை என்றேன். படம் என் முடிவோடு வெளிவந்தது. நான் ஜெயித்தேன். ராயபுரத்துக் கொட்டகையில் கடைசிக் காட்சி ஓடும்போது துறைமுகத்து ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். யாரும் கைதட்டவில்லை. சவ ஊர்வலம் போகும்போது நிற்பதுபோல நின்றார்கள். சில பேர் திரையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். மறுநாள் யாரும் வரவில்லை. அந்த வாரத்தோடு படம் பெட்டிக்குத் திரும்பியது.

உன் மனைவி முதல் நாள் பார்த்தாள். அவள் கண்ணால் கண்ட உன் பிணம் அது ஒன்றுதான்.

ஒவ்வோர் ஐப்பசியிலும் அவள் எண்ணூரிலிருந்து என் வீட்டுக்கு வருகிறாள். அங்கே கழிக்கரையில் தம்பி வீட்டில் இருக்கிறாள். வாசற்படியைத் தாண்டமாட்டாள். மழை இல்லாத நாளிலும் புடவைக் கரை ஈரமாக இருக்கும். நெற்றியில் பொட்டு இருக்கும், கழுத்தில் தாலி இருக்கும். கேட்பது ஒரே கேள்வி.

"அந்தச் சிரிச்ச படம் கெடச்சிதாண்ணே?"

"இல்லையம்மா. எங்கேயோ தொலைந்துவிட்டது."

"அவரு படுத்ததப் பாத்தேன். ஏந்திரிச்சதப் பாக்கல. அதான் எனக்கு ஒண்ணும் புரியல. அத்த ஒரு வாட்டி பாத்துட்டேன்னா, எல்லாத்தையும் கழட்டி வெச்சிட்டு ஒக்காந்து அழுதுருவேன். இப்ப எப்டி அழறது, சொல்லு. மழ பெஞ்சா வந்து கதவத் தட்றாரு. தொறந்தா, படத்துல படுத்தாப்லயே கண்ண மூடிக்கினு நிக்கறாரு. உள்ள கூப்ட்டா வரமாட்டேன்றாரு."

இதை அவள் அழாமல், பக்கத்து வீட்டு விஷயம் சொல்வதுபோலச் சொல்வாள். நான் படித்தவன். துக்கம் மனதை என்ன செய்யும் என்று புத்தகத்தில் வாசித்திருக்கிறேன். ஆனால் அவள் போன பிறகு வாசற்படியைத் துடைக்க ஒவ்வொரு வருஷமும் எனக்குப் பயமாக இருந்தது. அந்த ஈரத்தில் உப்பு பூத்திருக்கும்.

நேற்று சூசை வந்தான். அவனுக்குக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை புறப்படுகிறான். டப்பாவை வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினான்.

"நீ போடாதன்ன. எனக்கு மனசு கேக்கல. ஒரு துண்டு மிஞ்சியிருந்துச்சு, பன்னண்டு அடி. அத்தப் போட்டேன். எட்டு செகண்டு ஓடும், அதுக்குள்ள ஏந்திரிச்சிருவாருன்னு பாத்தேன்."

"ஏழு வருஷம் ஏன் மறைத்தாய்?"

"அன்னிக்கே அவரு என்னாண்ட சொன்னாரு. 'இந்தச் சிரிப்பு ஷாட்ட லாபுக்குக் குடுக்காத சூச, ஒளிச்சு வை. அண்ணாச்சி கைக்குப் போச்சுன்னா முடிவ மாத்திருவாரு. வாத்யாருக்கு நான் வாக்கு குடுத்துக்கீறேன்'னாரு. அவரு போன பொறவு நானே கழுவிப் பாத்தேன். பாத்துட்டு உன்னாண்ட எப்டிக் குடுக்கறதுன்னு வெச்சிக்கினேன்."

"அதில் என்ன இருக்கிறது?"

"நீயே பாரு வாத்யாரே." படி இறங்கிப் போய்விட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகவே நீ வாக்கைக் காப்பாற்றினாய். என்னைத் தவிர எல்லோரும் உன்னை நம்பியது சரிதான். உன்மேல் வைத்திருந்த கோபம் எனக்கு ஒரு சொத்துபோல இருந்தது. அதையும் நேற்று நீ பிடுங்கிக்கொண்டாய்.

இன்று காலை ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமைத் தூக்கிப் பார்த்தேன். நெகட்டிவ். வெள்ளையெல்லாம் கறுப்பு. உப்பு மூட்டைகள் கரி மூட்டைகளாகக் கிடக்கின்றன. உன் வேட்டி கறுப்பு, உன் முகம் கறுப்பு, மூக்கில் இரண்டு கறுப்புத் துளிகள். சின்னச் சின்னச் சட்டங்களாகப் படங்கள். முதல் சட்டத்தில் கிடக்கிறாய். ஐம்பதாவதில் கிடக்கிறாய். நூறாவதில் கிடக்கிறாய். நீ வேண்டுமென்றே நீட்டினாயே, அந்த நேரத்தில் பன்னிரண்டு அடியும் தீர்ந்துவிட்டது. கடைசிச் சட்டத்திலும் நீ எழவில்லை.

ஆனால் அதில் ஒருவன் சிரிக்கிறான்.

உன் தலைமாட்டில் நிற்கிறான். படம் எடுக்கும்போது கேமராவின் பார்வைக்குள் யாரும் போகமாட்டார்கள், கடைநிலை ஆளுக்கும் தெரிந்த ஒழுங்கு அது. உள்ளே ஃபிலிம் இல்லை என்று நினைத்தவன் மட்டும்தான் அப்படி நிற்பான். குனிந்து உன் முகத்தைப் பார்க்கிறான், வாய் திறந்திருக்கிறது, பற்கள் கறுப்பு. தலைமுடி முழுக்க வெள்ளை. ஃபிலிமைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். ஏழு வருஷத்தில் நான் அந்த நெகட்டிவின் தலைக்கே வந்து சேர்ந்திருக்கிறேன்.

நான் சிரித்த ஞாபகம் எனக்கில்லை. சத்தியமாக இல்லை. நன்றாகக் கிட, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கிட என்று நினைத்தது மட்டும் இப்போது ஞாபகம் வருகிறது.

என்னை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை அவளுக்குக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். கத்தரிக்கோலையும் எடுத்தேன். முடியாது. ஒரு சட்டம் விடாமல் நான் இருக்கிறேன். என்னை எடுத்தால் நீயும் போய்விடுவாய். கொடுக்காமலே விட்டால், இந்த ஐப்பசியிலும் அவள் வாசலில் வந்து நிற்பாள், அவள் வாசலில் நீ வந்து நிற்பாய்.

அதனால் நாளை எண்ணூருக்குப் போகிறேன். டப்பாவை அவள் கையில் கொடுத்து, ஃபிலிம் போடாதே என்று சொன்னவன் நான்தான் என்று சொல்லப்போகிறேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டால் அது நியாயம். சாத்தாமல், அவர் எழுந்தாரா இல்லையா என்று கேட்டால், எழுந்தார் என்று வெறும் வாயால் சொன்னால் போதாது. அவள் பார்க்க வேண்டும். நீ எழுந்ததை நான் ஒரு அசைவு விடாமல் வைத்திருக்கிறேன்: முதலில் வலது முழங்கை, பிறகு கழுத்து, தாடைக் கட்டு நழுவும், கண் திறக்கும், ஒரு மூச்சு இடைவெளி, அப்புறம் அந்தச் சிரிப்பு. அவள் முன்னால் படுத்து எழுந்து காட்டப்போகிறேன். எனக்கு நடிப்பு வராது என்று நீ எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய்.

மத்தியானத்திலிருந்து தரையில் பாய் விரித்து ஒத்திகை பார்க்கிறேன். படுக்க வருகிறது. முழங்கை வருகிறது, எழுவதும் வருகிறது. சிரிப்பு மட்டும் வரவில்லை. வாயைத் திறந்தால் வாழைப்பழ வாசனைதான் உள்ளே போகிறது. இன்னொரு முறை படுக்கிறேன். நான் நீட்டிக்கொண்டே போனால், "ஏந்திரி வாத்யாரே" என்று நீ ஒரு குரல் கொடு.